மழையில் செய்த கவாத்து

கண்ணு,

ஞாயிற்றுக்கிழமை நீ போனில் சொன்னதைக் கேட்டு எனக்கு உச்சி குளிர்ந்துபோனது. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். உன் கல்யாணப் பத்திரிகை யார் யாருக்குக் கொடுப்பது என்று நான் ஒவ்வொரு பேராக வாசித்துக்கொண்டே வந்தேன். பக்கத்துத் தோட்டத்துப் பெரியம்மா பேர் வந்ததும் நீ குறுக்கே புகுந்தாய். "அவீங்களுக்கு வேண்டாமுங்கம்மா. நம்ம தோட்டத்துக்குச் சீக்கைக் கொண்டாந்து உட்டவங்க. இணைச்சீருக்குச் சுகந்தியக்கா எதுக்குங்க? காங்கேயத்துச் சித்தி மகளையே நிக்கச் சொல்லிப்போடலாம்" என்றாய். உனக்குக் கூடப்பிறந்தவள் இல்லை. மாப்பிள்ளையான உன்னோடு அக்கா தங்கை முறையில் சேர்ந்து நின்று இணைச்சீர் செய்ய வேண்டியவள் முறைப்படி உன் பெரியப்பா மகள் சுகந்திதான். அவளையும் வேண்டாம், அவள் அம்மாவையும் வேண்டாம் என்று உன் வாயால் நீயே சொன்னாய். இந்த ஒரு வார்த்தைக்காக நான் இருபது வருஷம் காத்திருந்தேன். போனை வைத்துவிட்டு எனக்கு மட்டும் ஒரு டம்ளர் காபி போட்டு உட்கார்ந்தேன். பாதிக்கு மேல் இறங்கவில்லை. மீதியை வாசலில் ஊற்றிவிட்டு வந்தேன்.

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நான் பேச ஆரம்பித்தால் பாதி வழியிலேயே கதை என் பக்கமாகத் திரும்பிவிடும், உனக்குத்தான் உன் அம்மாவைத் தெரியுமே. எழுதினால் அப்படித் திருப்ப முடியாது, அடித்தால் அடித்த இடம் தெரியும். அதனால் எழுதுகிறேன். நம் திராட்சைத் தோட்டத்துக்குச் சீக்கு உன் பெரியம்மாவால் வரவில்லை. என்னால் வந்தது. அது எனக்கு அன்றைக்கே தெரியும். தெரிந்துகொண்டுதான் பழியை அவர் மேல் போட்டேன். நீயும் நம்பினாய்.

உன் அப்பாவும் பெரியப்பாவும் பாகம் பிரித்தபோது உனக்கு ஐந்து வயது. ஒரே பந்தலை நடுவில் வகிடு எடுத்த மாதிரி இரண்டாகப் பிரித்தார்கள். இந்தப் பக்கம் நமக்கு, அந்தப் பக்கம் அவர்களுக்கு, நடுவில் கிளுவை வேலி. கல்தூண்கள் ஒரே மாதிரி, கிணறு ஒன்றே, பன்னீர் திராட்சைக் கொடிகள் எல்லாம் ஒரே நாளில் நட்டவை. வேலியில் ஓர் ஆள் நுழைகிற அளவுக்குச் சந்து ஒன்று இருந்தது. பள்ளிக்கூடப் பையைத் தூக்கிப் போட்டதும் நீ அந்தச் சந்து வழியாகத்தான் ஓடுவாய். எனக்கு வயிறு எரியும். அவருக்கு எல்லாம் அமைந்து வரும், கண்ணு. நான் போட்ட ஊறுகாய் பூத்துப்போகும், அவர் போட்டது வருஷம் தாண்டும். நான் நட்ட முருங்கை காற்றில் சாயும், அவருடையது காய்த்துத் தொங்கும். அவர், அவர் என்று எழுதுகிறேனே தவிர, மனசுக்குள் ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை. எழுதும்போது மரியாதை தானாக வந்துவிடுகிறது.

இரண்டாம் வகுப்பில் உனக்குக் காய்ச்சல் வந்தது உனக்கு ஞாபகம் இருக்காது. மூன்று நாள் வாயில் எதுவும் வைக்கவில்லை. நாலாம் நாள் கண்ணைத் திறந்து, அரிசிம்பருப்புச் சோறு வேண்டும் என்றாய். நான் ஓடிப்போய்ச் சின்ன வெங்காயம் உரித்து, நல்ல நெய் இரண்டு கரண்டி அதிகமாகவே விட்டு, ஆற வைத்துக் கொண்டுவந்தேன். ஒரு வாய் வாங்கிக்கொண்டு, "பெரியம்மா வெச்ச மாதிரி இல்லீங்கம்மா" என்று திரும்பிப் படுத்துக்கொண்டாய். அன்றைக்கு உன்னை அடிக்கக் கை ஓங்கினேன். காய்ச்சல் பிள்ளை என்று கையை இறக்கிக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் அவர் ஒரு தூக்குப்போசியில் கொண்டுவந்து கொடுத்தார், நீ வழித்துச் சாப்பிட்டாய். பிள்ளை சாப்பிட்டானே என்று நிம்மதிப்படுகிறவள்தான் அம்மா. எனக்கு அன்றைக்கு நிம்மதி வரவில்லை. போசியைக் கழுவாமலே திருப்பி அனுப்பினேன்.

பிறகு கவாத்து. கொடியை வெட்டிவிட்டால்தான் புதுத் தளிர் வரும், தளிர் வந்தால்தான் பூவும் காயும். எல்லோர் தோட்டத்திலும் ஆட்கள் வந்து ஒரே நாளில் வெட்டித் தள்ளிவிட்டுப் போவார்கள். உன் பெரியம்மா மட்டும் அவர்கள் பின்னாலேயே ஒரு பழைய பெயிண்ட் பிரஷ்ஷும் வாளியுமாக நடப்பார். வாளியில் மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த நீலப் பசை. வெட்டின ஒவ்வொரு வாயிலும் ஒரு தீற்று. நான் வேலிக்கு இந்தப்புறம் நின்று, "அக்கா கொடிக்கெல்லாம் நகச்சாயம் பூசறாங்க பாருங்க" என்று ஆட்களிடம் சொல்லிச் சிரிப்பேன். அவரும் சேர்ந்து சிரிப்பார், அதுவும் எனக்குப் பிடிக்காது. ஒருநாள் நீ சாப்பிட உட்கார்ந்தபோது உன் பத்து விரலும் நீலமாக இருந்தன. "பெரியம்மா எனக்குப் பசை பூசச் சொல்லிக்குடுத்தாங்க. ரெண்டு மொட்டுக்கண்ணு உட்டு வெட்டோணுமாமா, வெட்டுன ஒடனே பூசோணுமாமா" என்று நீ சொல்லச் சொல்ல, உன் கையைப் பிடித்துத் தேங்காய் நாரால் தேய்த்தேன். தோல் சிவக்கிற வரைக்கும் தேய்த்தேன். நீ வலிக்குது என்றாய். சோப்பு போதவில்லை என்று சொன்னேன்.

நீ எட்டாவது படித்த வருஷம் ஐப்பசியில் அடைமழை. கவாத்து ஆட்களுக்கு முறை உண்டு. அந்தத் தடவை முதலில் உன் பெரியம்மா தோட்டம், பிறகுதான் நமக்கு. மழை விடட்டும் என்று அவர் தன் முறையைத் தள்ளி வைத்தார். நான் அந்த முறையைப் பிடித்துக்கொண்டேன். ஒரு வாரம் முந்தி வெட்டினால் ஒரு வாரம் முந்திப் பழம். ஒரு தடவையாவது அவருக்கு முன்னால் நம் பழம் வண்டி ஏற வேண்டும், அவ்வளவுதான் என் கணக்கு. மேஸ்திரி தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு வந்து நின்றார். "ஏனுங்கம்மா, வெட்டுவாய்ல தண்ணி எறங்குனாக் கொடிக்கு ஆகாதுங்க. ரெண்டு நாள் பொறுத்துக்குங்க" என்றார். உன் அப்பாவும் சொன்னார். "வெட்டுங்க, நான் பாத்துக்கறேன்" என்றேன். தூறலிலேயே வெட்டினார்கள். பசை பூசவில்லை. பூசினால் அவர் செய்வதை நானும் செய்கிற மாதிரி ஆகிவிடுமே.

அதோடு விட்டேனா? வெட்டிப்போட்ட கட்டைகளை வழக்கமாகத் தோட்டத்துக்கு வெளியே கொண்டுபோய்க் கொளுத்திவிடுவோம். அன்றைக்கு அத்தனையையும் அள்ளி வேலிச் சந்தில் அடைக்கச் சொன்னேன். மழையில் எங்கே கொளுத்துவது என்று உன் அப்பாவிடம் சாக்குச் சொன்னேன். உண்மை என்னவென்றால், நீ போகிற வழியை அடைத்தேன். சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வந்து சந்துக்கு முன்னால் நீ நின்றதை அடுக்களை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ஒரு கட்டையை இழுத்துப் பார்த்தாய், அசையவில்லை. பிறகு கிணற்றைச் சுற்றிக்கொண்டு போனாய். சுற்றிக்கொண்டாவது அங்கேதான் போவாயா என்று எனக்கு இன்னும் ஆத்திரம். அதற்கப்புறம் ஒவ்வொரு கவாத்துக்கும் அதே குவியலின் மேலேயே போட்டுக்கொண்டு வந்தேன்.

அந்த வருஷம் பழம் முந்தி வந்தது. நான் வண்டிக்குப் பக்கத்தில் நின்று, வேலிக்கு அந்தப் பக்கம் பார்த்துச் சத்தமாகப் பேசினேன். நான்கு வருஷத்துக்கு ஒன்றும் தெரியவில்லை. நீ கல்லூரியில் சேர்ந்த வருஷம்தான் ஆரம்பித்தது. கவாத்து முடிந்து எல்லாக் கொடியும் தளிர்விட, நம் பக்கத்தில் சில கொடிகளில் மட்டும் ஒரு கை, பந்தலில் படர்கிற பெரிய கிளை, தளிர்க்கவே இல்லை. சிலதில் தளிர் வந்தது, ஆனால் இலை சின்னதாக, மஞ்சளாக, குவிந்துபோய், குறுகின கணுக்களோடு நின்றது. அடுத்த முறை அந்தக் கைகளும் காய்ந்தன. கையில் பிடித்தால் கட்டை சடசடவென்று ஒடியும். அதைப் பார்த்ததும் எனக்கு முதலில் ஞாபகம் வந்தது மேஸ்திரியின் சாக்குப் போட்ட தலைதான். யாரும் எனக்குச் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை.

ஆனால் அந்தச் சமயம் பார்த்து உன் பெரியம்மா உடுமலைப்பேட்டைப் பக்கமிருந்து புதுக் குச்சிகள் வாங்கிவந்து இரண்டு வரிசை நட்டிருந்தார். எனக்குத் தோதாகப் போயிற்று. தீபாவளி லீவுக்கு நீ வந்திருந்தாய். கிணற்றடியில் நான்கு பேர் நிற்கும்போது, "கண்ட குச்சியையும் கொண்டாந்து நட்டு எங்க தோட்டத்தையே அழிச்சுப்போட்டீங்களே அக்கா" என்று கத்தினேன். அவர், "நான் நல்ல எடத்துலதான் அம்மணி வாங்கியாந்தேன்" என்று மட்டும் சொன்னார். நீ என்னைப் பார்த்தாய், அவரைப் பார்த்தாய். நான் அழுதேன். அழுகை பொய்யில்லை, கொடி காய்கிறதே என்ற அழுகைதான். அதை எடுத்து வேறு வேலைக்குப் பயன்படுத்தினேன். நீ வந்து என் தோளைப் பிடித்துக்கொண்டு, "வாங்கம்மா போலாம்" என்று கூட்டி வந்தாய். அன்றிலிருந்து நீ அந்தப் பக்கம் போகவில்லை. தோட்டம் போய்க்கொண்டிருந்தது, எனக்கு மனசு நிறைந்து இருந்தது. இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது, ஆனால் அப்படித்தான் இருந்தது.

போன மாதம் உன் அப்பா தோட்டக்கலை படித்த ஒரு பெண்ணைக் கூட்டி வந்தார். கொடிகளோடு வீட்டுக்கு முன்னால் நிற்கும் மாமரமும் நுனியிலிருந்து கருகிக்கொண்டு வருகிறதே, எல்லாவற்றையும் எடுத்துவிடலாமா என்று கேட்பதற்காக. சுகந்தி வயசுதான் இருக்கும் அந்தப் பெண்ணுக்கு. ஒரு கொடியின் தண்டை ரம்பத்தால் குறுக்கே அறுத்து எங்களுக்குக் காட்டினாள். வட்டமான வெட்டில் ஒரு தேங்காய்ப் பத்தை அளவுக்குப் பழுப்பு, மற்ற இடமெல்லாம் வெள்ளை. "இது பூஞ்சாணமுங்க. வேர்ல இருந்து வர்றதில்லை, குச்சியில இருந்தும் வர்லீங்க. வெட்டுன காயம் வழியா உள்ள போயி, வருசக்கணக்கா மெதுவாக் கீழ எறங்கும். வெளிய தெரியறப்ப உள்ள பாதி போயிருக்கும். மாமரத்துக்கு வர்றதும் இந்த மாதிரி ஒண்ணுதானுங்க" என்றாள். பிறகு என்னைப் பார்த்து, "எப்பவாச்சும் மழையில கவாத்துப் பண்ணுனீங்களாம்மா?" என்று கேட்டாள். ஞாபகம் இல்லை என்றேன். உன் அப்பா தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அவள் சும்மா போகிற பெண்ணில்லை. வேலியோரம் நடந்து, அந்தக் குவியலிடம் போய் ஒரு கட்டையை எடுத்துத் திருப்பினாள். பட்டை மேலெல்லாம் கடுகு தூவின மாதிரி கறுப்புப் புள்ளிகள். மழை பட்டால் இதிலிருந்துதான் வித்துக் கிளம்பிக் காற்றில் போகும், சுற்றி எங்கே வெட்டுக்காயம் இருந்தாலும் உட்காரும், இரண்டு பக்கத் தோட்டத்துக்கும் இதுதான் சீக்குக் கிடங்கு என்றாள். அப்போதுதான் பார்த்தேன், வேலியை ஒட்டிய உன் பெரியம்மாவின் வரிசையிலும் இரண்டு கை காய்ந்திருந்தது. அத்தனை பசை பூசியும் நான் அங்கே போய்ச் சேர்ந்திருக்கிறேன். "இதை யாருங்க இங்க குவிச்சு வெச்சது?" என்று அந்தப் பெண் கேட்டாள். வேலிக்கு அந்தப்புறமிருந்து உன் பெரியம்மாவின் குரல் வந்தது. "நாந்தானுங்க சாமி. வெறகுக்கு ஆகும்னு போட்டு வெச்சேன். இப்பிடியாகும்னு தெரியாமப் போச்சுங்க."

அந்தப் பெண் போன பிறகு, எட்டு வருஷத்தில் முதல் தடவையாக வேலியோரம் நின்று கூப்பிட்டேன். "ஏனுங்கக்கா, ஏன் அப்படிச் சொன்னீங்க?" அவர் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். தலை நன்றாக நரைத்துவிட்டது, அதைக்கூட நான் கவனித்திருக்கவில்லை. "தம்பிக்குக் கண்ணாலம் வருதல்ல? நாலு பேரு காதுல உளுந்து பொண்ணூட்டுக்குப் போனா உனக்குத்தான் சங்கட்டம். என்ற பேருதான் முன்னயே கெட்டுப்போச்சே அம்மணி, அதுல இன்னொண்ணு சேந்தா என்ன?" என்றார். குத்திக் காட்டுகிற குரலே இல்லை. அப்போது எனக்குக் கண்ணீர் வந்திருக்க வேண்டும். வந்தது பொறாமை. நல்ல பேர் எல்லாவற்றையும்தான் எடுத்துக்கொண்டார், என் கெட்ட பேரையுமா என்னிடமிருந்து பிடுங்கிக்கொள்ள வேண்டும்? வீட்டுக்கு வந்து இரண்டு நாள் உன் அப்பாவிடம் எரிந்து விழுந்தேன். அப்புறம்தான் உறைத்தது. அவர் எடுத்துக்கொண்டது என் பழியை. நான் அவரிடமிருந்து எடுத்துக்கொண்டது உன்னை.

அந்தப் பெண் சொன்ன வைத்தியம் ஒன்றுதான். காய்ந்த இடத்தில் வெட்டினால் போதாது. கீழே, கீழே என்று அறுத்துக்கொண்டே போக வேண்டும், பழுப்பு துளிகூட இல்லாமல் வெள்ளைக் கட்டை தெரிகிற வரைக்கும். சில கொடிகளை முழங்கால் உயரத்துக்கே அறுத்தோம். வெயில் நாளாகப் பார்த்து அறுத்தோம், அறுத்த வாயிலெல்லாம் நானே பசை பூசினேன். குவியலை வெளியே இழுத்துப் போய் உன் அப்பா தீ வைத்தார். அடியில் இருந்தவை மக்கி மண்ணோடு மண்ணாகக் கிடந்தன, அதையும் சுரண்டி எடுத்தோம். இப்போது சந்து திறந்து கிடக்கிறது. அறுத்த கொடிகளில் பாதிக்கு மேல் அடியிலிருந்து புதுத் தளிர் விட்டிருக்கிறது. மற்றவை வருமா என்று தெரியவில்லை.

இதெல்லாம் நீ என்னை மன்னிக்க வேண்டும் என்பதற்காக எழுதவில்லை. கோபம் வந்தால் கோபப்படு, நான் தாங்கிக்கொள்கிறேன். இன்னொரு காரியத்துக்காகவும் எழுதுகிறேன். போன வாரம் நீ உனக்கு நிச்சயம் பண்ணின பெண்ணைப் பற்றிப் பேசும்போது, "எதுக்கெடுத்தாலும் அவ அண்ணன்கிட்டக் கேக்கறாங்கம்மா, நான் எதுக்கு இருக்கறேன்?" என்றாய். சிரித்துக்கொண்டேதான் சொன்னாய். ஆனால் அது என் குரல், கண்ணு. எனக்கு நன்றாக அடையாளம் தெரிகிறது. அந்தப் பெண்ணுக்குப் பெருந்துறையில் ஓர் அண்ணன் இருக்கிறான், அம்மா இருக்கிறாள், கூடப் படித்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் அவள் போகிற வழியை நீ அடைக்காதே. அடைத்தால் அவள் கிணற்றைச் சுற்றிக்கொண்டு போவாள். அல்லது போகவே மாட்டாள், அது இன்னும் மோசம். எனக்கு அவள் மேலும் பொறாமை வரத்தான் போகிறது. வராது என்று சொன்னால் நீயே சிரிப்பாய். வந்தால் முகத்துக்கு நேராகச் சொல்லு, உள்ளே இறங்க விடாதே.

பத்திரிகையில் இணைச்சீருக்குச் சுகந்தி பேரைப் போடச் சொல்லிவிட்டேன். காங்கேயத்துக்கு நானே போன் பண்ணிச் சொல்லிக்கொள்கிறேன், என் தங்கை இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பாள், பிறகு சரியாகிவிடுவாள். வெள்ளிக்கிழமை தட்டில் வெற்றிலை பாக்கு வைத்துக்கொண்டு நானும் உன் அப்பாவும் போய் முறையாக அழைக்கிறோம். குவியல் போட்டது யார் என்று அன்றைக்கு அவர் வீட்டு வாசலில் வைத்து, உன் பெரியப்பாவும் சுகந்தியும் கேட்க, நான் சொல்லப்போகிறேன். கிணற்றடியில் நான்கு பேர் முன்னால்தானே பழி போட்டேன், அந்த நான்கு பேர் வீட்டுக்கும் பத்திரிகையோடு இதையும் சேர்த்துக் கொடுத்துவிட்டு வருவேன். பொண்ணு வீட்டுக்குத் தெரிந்தால் தெரியட்டும்.

சனிக்கிழமை நீ பெங்களூரிலிருந்து வந்து இறங்கியதும் பையைப் போட்டுவிட்டு நேரே அங்கே போ. கிணற்றைச் சுற்ற வேண்டாம், சந்து வழியாகவே போ. போய் என்ன பேசுவது என்று யோசிக்காதே, அவர் உன்னைப் பேச விடமாட்டார், கையைப் பிடித்து உட்கார வைத்து இலையைப் போட்டுவிடுவார். நீ வருகிறாய் என்று தெரிந்தால் அரிசிம்பருப்புச் சோறுதான் செய்வார், எனக்குத் தெரியும். எட்டு வருஷப் பசிக்குச் சாப்பிடு. வழித்துச் சாப்பிடு. போசி கொடுத்துவிட்டால் வாங்கிக்கொண்டு வா, கழுவித் திருப்பிக் கொடுக்கிறேன். எப்படி இருந்தது என்று மட்டும் என்னிடம் சொல்லாதே.

அம்மா